கோமேதகம், நிகர எடை 40 கிராம்

பெயரை நாங்கள் வைக்கவில்லை.
கிலோ என்ன விலை என்று கேட்டு வாங்கினோம்.

செவ்வாப்பேட்டையில் ஒரு குடோன்.
மூடிப்போன முறுக்குக் கம்பெனியின் மிச்சம்
அச்சடித்த கவர், பதினொரு உருளை.
தூசி தட்டியதும் மஞ்சள்,
மஞ்சளுக்குள் ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன்,
கையில் முறுக்கோடு ஒரு சிறுமி.
தலைக்குமேல் கொட்டை எழுத்தில்
கோமேதகம்.

எங்களிடம் இருந்ததோ மரவள்ளிச் சிப்ஸ்.
புதுக் கவர் என்றால் நிறத்துக்கொரு சிலிண்டர் செதுக்க வேண்டும்,
அந்தக் காசில் இரண்டு மாத எண்ணெய் வந்துவிடும்.
'படத்தை யார் திங்கப்போறா' என்றாள் சவுடேஸ்வரி.
பழைய முகவரிமேல் ஸ்டிக்கர் ஒட்டினோம்.
முறுக்கின்மேல் ஒட்டுவதற்குள்
ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது.
இப்படித்தான் கொண்டலாம்பட்டியில் பொரித்த கிழங்கு
முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் பெயரில்
கடைகளில் தொங்கியது, நாற்பது நாற்பது கிராமாக.

விற்றது.
விற்றதும் காரணங்கள் முளைத்தன.
ராகுவுக்கு உகந்த கல், ஜோசியர் எடுத்துக்கொடுத்த பெயர்
என்றார் லீ பஜார் மொத்த வியாபாரி.
சேர்வராயன் மலையில் கல் கிடைத்து
அதை விற்றுத்தான் முதல் வாணலி வாங்கினார்களாம்,
ஐந்து ரோடு பேக்கரியில் ஒருவர்
டீ வாங்கிக்கொடுத்து என்னிடமே சொன்னார்.
அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.
என் பழைய காதலி என்றொரு கதை
சவுடேஸ்வரி காதுக்கே வந்தது.
'இருந்திருந்தா கடன்ல பாதியாவது அவ கட்டியிருப்பா'
என்றபடி உப்பை அள்ளினாள்.
அன்றைக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்.

உருளைகள் தீர்ந்த பிறகும்
பழகிய முகமாயிற்றே என்று
அதையே செதுக்கச் சொன்னோம், முறுக்கோடு.

ஏற்காட்டுக்குச் சரக்கு போகும் சனிக்கிழமைகளில்
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறக்கினால்
பாக்கெட்டுகள் எல்லாம் உப்பியிருக்கும்.
மேலே காற்று கம்மி என்பார் டிரைவர் மாதையன்.
சேலத்தில் ஒல்லியாய்க் கிளம்பிய சிறுமி
ஏரிக்கரைக் கடையில்
பொம்மலாகச் சிரிப்பாள்.

அங்கேதான் அந்தப் பெண் வந்து நின்றாள்.
ஆபீஸ் டூர் கூட்டம், கழுத்தில் அட்டை,
காதோரம் நரை.
பாக்கெட்டை எடுத்தவள் வைக்கவில்லை.
அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.
ஆர். கோமேதகம்.

'செரி ரோடு ஸ்டுடியோல எடுத்தது.
விளக்குச் சூட்டுல ரெண்டு மணி நேரம்.
படம் முடியிற வரைக்கும் கடிக்கக் கூடாதுன்னார் அப்பா.
முடிஞ்சப்ப நமுத்துப்போச்சு.'
பிறகு சொன்னாள்,
'ஸ்கூல்ல என்னை நிகர எடைன்னு கூப்பிடுவாங்க.'
பிறகு,
'கன்னத்து மச்சத்தை அழிச்சுட்டாங்க, பாருங்க.'

பெயருக்கு என்ன விலை கொடுப்பது?
நாக்குவரை வந்த தொகையில்
எந்தத் தொகையும் சரியாக இல்லை.
அவள் இரண்டு பாக்கெட்டுக்குக் காசு கொடுத்து
மீதிச் சில்லறையை எண்ணி வாங்கினாள்.
'உள்ளே முறுக்கு இல்லையா?'
'பதினாறு வருஷமா இல்லைங்க.'
கிழித்து ஒன்றைக் கடித்தாள்.
'மொறுமொறுன்னுதான் இருக்கு' என்றாள்
எதையோ ஒப்பிடுகிறவளாக.
பஸ் ஹாரன் அடித்தது.

இந்த ஆடியில் சிலிண்டர் மாற்றினோம்.
இடது கன்னத்தில், உளுந்தளவு, ஒரு கருப்புப் புள்ளி.
அச்சில் ஏதோ கறை என்று
ஆத்தூரிலிருந்து மூன்று பெட்டி திரும்பி வந்தது.
சவுடேஸ்வரி ஒரு பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
'இன்னும் கொஞ்சம் மேல வச்சிருக்கணும்' என்றாள்.